நாலு மணி நேரம்தானே சிங்கப்பூர்?

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரம் என்று யாரைக் கேட்டாலும் "நாலு மணி நேரம்தானே" என்பார்கள். தப்பில்லை, விமானம் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் அதை நம்பி, ராத்திரி ஏறினால் காலையில் இறங்கி பத்து மணிக்கு ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்துவிடலாம், மத்தியானம் ஒரு கல்யாணத்தில் நின்றுவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். என் அக்கா கல்யாணமாகி சிங்கப்பூரில் ஈசூன் என்கிற பகுதியில் குடியேறியதிலிருந்து எங்கள் வீட்டில் டிக்கெட் போடுவது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது, சித்தி பெண் இன்டர்வியூவுக்குப் போகிறாள் என்றால் எந்த விமானம் என்று சொல்வது எல்லாம் என் தலையில்தான் விழும். பெரம்பூரில் வீட்டைப் பூட்டியதிலிருந்து ஈசூனில் அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் வரை எண்ணினால் பத்து, பதினோரு மணி நேரம் ஆகிறது. நாலு எப்படிப் பத்தாகிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன், அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் தூரம். மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு நேராகக் கோடு போட்டால் சுமார் 2,900 கிலோமீட்டர். சிலர் 1,800 என்பார்கள், அது மைல் கணக்கு. விமானக்காரர்கள் பேசுகிற கடல் மைலில் 1,570-க்குப் பக்கம். மூன்றும் ஒரே தூரம்தான், அலகு பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: சென்னையிலிருந்து துபாயும் கிட்டத்தட்ட அதே 2,900 கிலோமீட்டர்தான். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் ஒரே தூரம். டெல்லி 1,760, கோலாலம்பூர் 2,600, பாங்காக் 2,200, கொழும்பு 700-க்கும் குறைவு. அதாவது டெல்லிக்குப் போகிற தூரத்தோடு இன்னும் முக்கால் பங்குகூட சேர்க்க வேண்டாம், சிங்கப்பூர் வந்துவிடும்.

சீட்டுக்கு முன்னால் இருக்கும் திரையில் வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். கரையை விட்டதும் வங்காள விரிகுடா, வெறும் நீலம், ரொம்ப நேரம் எதுவுமே வராது. அப்புறம் நிக்கோபாரின் தென்முனைப் பக்கம், சுமத்ராவின் வடக்கு மூலை, அதைத் தாண்டினால் மலாக்கா நீரிணை. பழைய கப்பல்கள் போன வழியும் இதற்குப் பக்கத்தில்தான். ரஜூலா என்று ஒரு கப்பல், 1926-லிருந்து 1970-கள் தொடக்கம் வரை மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். என் தாத்தாவின் தம்பி அதில் டெக் பயணியாக, அதாவது தனி அறை இல்லாமல் கப்பல் தளத்திலேயே படுத்துக்கொண்டு, போனவர். அவர் காதில் "லேட் ஆகிவிட்டது, முக்கால் மணி நேரம்" என்று நான் புலம்புவது விழுந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை, ஆனாலும் புலம்புவேன்.

இனி நேரம். 2,900 கிலோமீட்டரை மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் வகுத்தால் மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது, வான்வழியும் கோடு போட்டாற்போல் நேராக இருக்காது. அதனால் வானத்தில் இருப்பது மூன்றே முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் போடுவது அதையும் அல்ல. இங்கே கேட்டை விட்டு விமானம் நகர்கிற நிமிடத்திலிருந்து அங்கே போய் கேட்டில் நிற்கிற நிமிடம் வரை உள்ள மொத்த நேரம் அது. ரன்வே வரைக்கும் ஊர்ந்து போவது, முன்னால் நிற்கிற நாலு விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். போதாததற்கு கம்பெனிகள் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் வைத்திருக்கும். அதனால்தான் டிக்கெட்டில் நாலு மணி பத்து நிமிடம், நாலரை மணி நேரம் என்றெல்லாம் இருக்கும். பைலட் மைக்கில் மூன்றே முக்கால் என்பார். தாமதமாகக் கிளம்பிய விமானம்கூட சரியான நேரத்துக்குப் போய் இறங்கும், நாமும் கைதட்டாத குறையாகச் சந்தோஷப்படுவோம்.

குளிர்காலத்தில் வடக்கே மேல்வானத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று ஓடும், அதனால் துபாய் போகிறவர்களுக்குப் போகும் நேரமும் வரும் நேரமும் நன்றாகவே வித்தியாசப்படும். சிங்கப்பூர் வழி பூமத்திய ரேகைப் பக்கம் இறங்குவதால் அந்தத் தொல்லை குறைவு. போக வர ஏறக்குறைய ஒரே நேரம்தான்.

ஆனால் கடிகாரம் அப்படிச் சொல்லாது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ராத்திரி 12.40-க்குக் கிளம்பினால் டிக்கெட்டில் காலை 7.20-க்கு இறங்குவதாக இருக்கும். எங்கள் அம்மா முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, "நாலு மணி நேரம்னு சொன்னே, ஏழு மணி நேரம் போட்டிருக்கானே" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். திரும்பும் டிக்கெட்டைக் காட்டினேன்: இரவு எட்டு மணிக்குக் கிளம்பி 9.45-க்குச் சென்னை. "இது மட்டும் எப்படி ரெண்டு மணி நேரத்துல வருது, வேற பிளேனா?" நேர வித்தியாசத்தை விளக்கப் பேப்பர் பேனா எடுத்தேன், பத்து நிமிடம் கேட்டுவிட்டு "சரி, நீ சொன்னா சரி" என்று எழுந்து போய்விட்டார்.

இந்த இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு பின்கதை உண்டு. 1981 வரை சிங்கப்பூருக்கும் நமக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். மலேசியா தன் தீபகற்பப் பகுதியின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளி நாடு முழுவதும் ஒன்றாக்கியபோது, சிங்கப்பூரும் கூடவே மாறிக்கொண்டது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குக் கடிகாரத்தை பன்னிரண்டாக்கினார்கள். இதனால் சூரியனுக்கும் கடிகாரத்துக்கும் அங்கே ஒத்துப்போகாது, வருடம் முழுக்க ஏழு மணிவாக்கில்தான் விடியும். ஆறரை மணிக்கு இறங்கினால் வெளியே கும்மிருட்டு. பெரம்பூரில் ஆறரைக்குப் பால்காரர் வந்து போய், பேப்பர் படித்து முடித்திருப்போம். உடம்புக்கு அப்போது இந்திய நேரம் நாலு மணி. நாலு மணி இருட்டில் எழுப்பிவிட்டு "குட் மார்னிங், காலை டிபன் என்ன?" என்று கேட்டால் எப்படி இருக்கும், அதுதான் அந்தச் சோர்வு. தூரம் குறைவு, ஜெட்லாக் எல்லாம் வராது என்பார்கள். ஜெட்லாக் வராது, சரி. ஆனால் ஒரு ராத்திரி முழுதாகக் காணாமல் போகும். சாப்பாடு கொடுத்து, தட்டு எடுத்து, விளக்கு அணைத்து, மறுபடி விளக்கு போட்டு சீட்டை நிமிர்த்தச் சொல்வதற்குள் கண்ணை மூடக் கிடைப்பது இரண்டு மணி நேரம்.

என் வழக்கம் இது: இரவு விமானம் என்றால் வீட்டிலேயே ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிடுவேன், ஏறினதும் பணிப்பெண்ணிடம் எனக்குச் சாப்பாடு வேண்டாம், எழுப்பாதீர்கள் என்று சொல்லிவிடுவேன். அன்று பகலுக்கு எந்த வேலையும் வைத்துக்கொள்ள மாட்டேன். சித்தி பெண் இன்டர்வியூவுக்குப் போனபோது, அதற்கு முந்தின நாள் பகல் விமானத்தில் போய் ஒரு ராத்திரி அக்கா வீட்டில் தூங்கிவிட்டுப் போ என்று பிடிவாதமாகச் சொல்லி அனுப்பினேன். பகல் விமானத்தில் டிக்கெட் கொஞ்சம் அதிகமாக இருக்கலாம், ஒரு நாள் லீவும் போகும். முக்கியமான வேலைக்குப் போகிறவர்கள் அந்தக் காசைப் பார்க்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இரவிலேயே போங்கள். ஆனால் ஹோட்டலில் மத்தியானம் இரண்டு மூன்று மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள், அதுவரை பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு லிட்டில் இந்தியா இருக்கிற தேக்கா பக்கம் நடந்து ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

இரவு விமானத்தில் பெரிய கண்ணி தேதிதான். 15-ஆம் தேதி 00.40 என்று டிக்கெட்டில் இருந்தால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி ராத்திரி. எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் 15-ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு மாலை, பழத்தட்டோடு கிளம்பியது. விமான நிலைய வாசலில் டிக்கெட்டைப் பார்த்த காவலர் "இது நேத்தே போயிடுச்சுங்களே" என்றாராம். மாமியார், மச்சினன் எல்லாரும் வழியனுப்ப வந்திருந்தார்கள். அதனால் வீட்டில் யாருக்கு டிக்கெட் போட்டாலும் நான் அனுப்புகிற செய்தியில் தேதியை எழுதவே மாட்டேன், "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிபன் முடித்து வீட்டை விட்டுக் கிளம்பணும்" என்று மட்டும்தான் எழுதுவேன்.

சரி, கிளம்புகிற விஷயம். பெரம்பூரிலிருந்து மீனம்பாக்கம் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். அண்ணா நகர், கோயம்பேடு, நூறடி ரோடு, கத்திப்பாரா. நள்ளிரவில் நாற்பது நிமிடத்தில் போய்விடலாம், சாயங்காலம் ஏழு எட்டு மணிக்கு ஒன்றரை மணி நேரமும் ஆகும், மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். 12.40 விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டுமென்றால் நீங்கள் ரோட்டில் இருக்கப் போவது சரியாக அந்த நெரிசல் நேரத்தில்தான். பெட்டி குறைவு, உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் போகும்போது மெட்ரோ நல்லது, விமான நிலையத்துக்குள்ளேயே ஸ்டேஷன் இருக்கிறது. புறநகர் ரயிலில் வருகிறவர்களுக்கு எதிரிலேயே திரிசூலம். ஆனால் நாங்கள் போனால் அக்காவுக்கு முருங்கைக்காய், ஊறுகாய், அப்பளம், வடகம், பொங்கலுக்குப் புதுத்துணி என்று பெட்டி வீங்கிவிடும், மெட்ரோ பேச்சுக்கே இடமில்லை.

மூன்று மணி நேரம் முன்னால் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: சென்னையில் வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் ராத்திரி பத்து மணியிலிருந்து விடிவதற்குள் அடுத்தடுத்துக் கிளம்புகின்றன. துபாய், தோஹா, கோலாலம்பூர், சிங்கப்பூர் கூட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே இமிகிரேஷன் வரிசையில் நிற்கும். செக்கின் கவுன்டரை விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள், சில கம்பெனிகளில் அதற்கும் முன்பே. 2023-இல் திறந்த புது டெர்மினல் பெரிதாக, கோலம் எல்லாம் போட்டாற்போல் அழகாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கூட்டம் கூட்டம்தான். அடிக்கடி போகிறவர்கள் மத்திய அரசின் விரைவு இமிகிரேஷன் திட்டத்தில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் விண்ணப்பித்து, கைரேகை கொடுத்துவிட்டால் தானியங்கி கேட் வழியாகப் போகலாம், 2025 ஜனவரியிலிருந்து சென்னையிலும் இருக்கிறது. அம்மா மாதிரி வயதானவர்களுக்கு டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள். "நான் நல்லா நடப்பேன், எதுக்கு" என்று கௌரவம் பார்ப்பார்கள். சாங்கியில் நடக்க வேண்டிய தூரத்தைப் பார்த்தபின் அடுத்த தடவை அவர்களே கேட்பார்கள்.

விலை குறைவு என்று கோலாலம்பூர் வழியாகப் போகிற யோசனை நிறையப் பேருக்கு வரும். அங்கேயிருந்து சிங்கப்பூர் விமானத்தில் ஒரு மணி நேரம், 300 கிலோமீட்டர்கூட இல்லை. மலேசியாவும் 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசா கேட்பதில்லை, டிக்கெட் போடும் முன் அது இன்னும் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் கவலையில்லை. தனித்தனி டிக்கெட் எடுத்தால் அங்கே இறங்கி, இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்கின் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானத்துக்காரர் பொறுப்பேற்க மாட்டார். நடுவில் நாலு மணி நேரமாவது விடாமல் எடுக்காதீர்கள். பஸ்ஸில் போகலாமே என்றால், ஐந்தாறு மணி நேரம், ஜொகூர் எல்லையில் கூட்டம் இருந்தால் இன்னும் மேலே. இளவட்டங்களுக்குச் சரி. கொழும்பு வழி வேறு மாதிரி: முதலில் தெற்கே ஒன்றேகால் மணி நேரம், அப்புறம் அங்கிருந்து மறுபடி நாலு மணி நேரம், அதாவது சென்னையிலிருந்து நேராகப் போகிற அளவு முழுசாக. நாலாயிரம் ரூபாய் மிச்சத்துக்கு அம்மாவை அப்படி அலைக்கழிக்க எனக்கு மனசில்லை.

வானிலையையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் பக்கம் நவம்பர், டிசம்பர் புயல் மாதங்கள். 2015 டிசம்பரில் விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது, 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலில் ரன்வேயில் தண்ணீர் ஓடியது. அந்த மாதங்களில் போனால் திரும்பி வந்த மறுநாளே ஆபீஸ், பரீட்சை என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பொங்கலுக்கு முந்தின நாள் இன்னொரு ஆபத்து, போகிப் புகை. 2018 போகி காலையில் புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று விடிகாலையில் சென்னையில் இறங்குகிற டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சிங்கப்பூர் பக்கம் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து திடீரென்று காற்றும் இடியுமாக ஒரு மழை வரும், அங்குள்ளவர்கள் அதையே சுமத்ரா என்றுதான் சொல்வார்கள். அது வந்தால் கொஞ்ச நேரம் மேலேயே வட்டமடிக்க வேண்டியிருக்கும். வங்கக்கடலைத் தாண்டும்போது குலுக்கலும் சகஜம், பெல்ட்டைக் கழற்றாதீர்கள். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் மியான்மருக்கு மேலே குலுங்கியபோது ஒருவர் இறந்தே போனார், பலருக்கு அடி.

இறங்கிய பிறகு சிங்கப்பூரில் வேலை வேகமாக நடக்கும், நம் பக்கம் எல்லாம் சரியாக இருந்தால். விசா முன்பே வாங்கியிருக்க வேண்டும், அங்கே போய் வாங்க முடியாது. வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம், காசு கேட்டால் அது அரசாங்கத் தளம் இல்லை, மூடிவிட்டு வெளியே வாருங்கள். எம்ஆர்டி ரயில் காலை ஐந்தரைவாக்கில்தான் தொடங்கும், நாலு மணிக்கே இறங்குகிற விமானம் எடுத்தால் டாக்ஸிக்குத்தான் காசு அழ வேண்டும். ரயிலில் ஈசூன் போக இரண்டு இடத்தில் மாறி ஒன்றேகால் மணி நேரம் ஆகும், டாக்ஸியில் அரை மணி சொச்சம். அக்கா வீட்டுக்காரர் வண்டியோடு வந்துவிட்டால் யோகம்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன்னால் டாக்டரிடம் நேர வித்தியாசத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு, கொஞ்ச நாள்தானே, இந்திய நேரப்படியே போடட்டும் என்றார் டாக்டர். அதனால் அம்மா கைக்கடிகாரத்தை மாற்றவே மாட்டார். அக்கா வீட்டில் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது "பத்தரைதானே ஆகுது" என்று இவர் மட்டும் காபி கேட்பார்.

திரும்புவதுதான் சுகம். சாயங்கால விமானம் எடுத்தால் இரண்டரை மணி நேரம் கைக்குத் திரும்பி வந்துவிடும், அன்று ராத்திரியே சொந்தப் படுக்கை. ஆறு மணிவாக்கில் கிளம்புகிற விமானம் கிடைத்தால், டிசம்பர் ஜனவரியில் இடது பக்க ஜன்னல் சீட் எடுங்கள், சூரியனைத் துரத்திக்கொண்டே போவதால் அந்தி ரொம்ப நேரம் நீளும். சென்னையில் இறங்கியதும்தான் நேரம் மறுபடி நம் கையை விட்டுப் போகும். இமிகிரேஷன், பெட்டி வருகிற பெல்ட், சுங்கம், அப்புறம் ஆப் வழியாக வண்டி கூப்பிட்டால் அதில் ஏறுவதற்குப் பலமாடி வாகன நிறுத்தம் வரைக்கும் தள்ளுவண்டியோடு போக வேண்டும். ஒரு தடவை வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்த அம்மா, "சிங்கப்பூர்லேர்ந்து மீனம்பாக்கம் ஒண்ணே முக்கால் மணி நேரம், மீனம்பாக்கத்துலேர்ந்து பெரம்பூர் ரெண்டரை மணி நேரமா" என்றார். கடைசி மெட்ரோ பதினொரு மணிவாக்கில் போய்விடும். அதைப் பிடிக்கிற எண்ணம் இருந்தால் ஒன்பதரைக்குள் தரையிறங்குகிற விமானமாகப் பாருங்கள், பெட்டியையும் கையில் தூக்கக்கூடிய அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து யாராவது வண்டி எடுத்து வருவதாக இருந்தால், பெல்ட்டில் பெட்டி கண்ணில் பட்டபின் போன் செய்து கிளம்பச் சொல்லாதீர்கள், விமானச் சக்கரம் தரையில் பட்டதுமே சொல்லிவிடுங்கள்.